நம்பிக்கைக்கு எத்தனை மதிப்பெண்?

செவிலியர் கல்லூரியில் இறுதியாண்டு படிக்கும் இரண்டு மாணவர்களிடம் ஒரே வினாத்தாளைக் கொடுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். அதில் ஒரு வாக்கியம்: "பெரிய விபத்து நடந்து ஒரே நேரத்தில் பலர் காயத்தோடு வந்தால், யாரை முதலில் கவனிக்க வேண்டும் என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியும்." எதிரே ஒன்று முதல் ஐந்து வரை எண்கள். ஒருவர் தயங்காமல் ஐந்தை வட்டமிடுகிறார். இன்னொருவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு மூன்றை வட்டமிடுகிறார். நாளைக்கே அப்படியொரு விபத்து நடந்தால், கேஷுவாலிட்டி வாசலில் இவர்களில் யாரை நிறுத்துவீர்கள்? ஐந்து போட்டவரைத்தான் என்று பெரும்பாலோர் சொல்வார்கள். பல நாடுகளின் செவிலியர் கல்லூரிகளில் இத்தகைய வினாத்தாள்கள் நிரப்பப்படுகின்றன. பயிற்சிக்கு முன் சராசரி இவ்வளவு, பின் இவ்வளவு, ஆகவே பயிற்சி பலன் தந்தது என்று ஆய்வேடுகளும் எழுதப்படுகின்றன. அந்த எண்ணை எதற்கு நம்பலாம், எதற்கு நம்பக்கூடாது என்பதே இங்கே கேள்வி. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம்பிக்கையை அளப்பது அவசியம். ஆனால் அதை மட்டும் தனியே அளந்துவிட்டு, ஏறினால் மகிழ்வதும் இறங்கினால் வருந்துவதும் நம்மை ஏமாற்றிவிடும். ஒரு மாணவரின் நம்பிக்கை அவருடைய கைத்திறனோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதுதான் அளக்கத்தக்கது.

திருச்சிராப்பள்ளியில் இது வகுப்பறைக்குள் அடங்கும் கேள்வி இல்லை. 2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்தில் ஒரு திருமண மண்டபத்தில் கீற்றுப் பந்தல் தீப்பிடித்தது. மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காயம்பட்டவர்களும் ஏறத்தாழ அதே அளவு. 108 ஆம்புலன்ஸ் சேவை தமிழ்நாட்டுக்கு வந்தது 2008-இல்தான் என்பதை நினைத்தால், அன்றைய காலை எப்படி இருந்திருக்கும் என்று ஓரளவு ஊகிக்கலாம். 2016 டிசம்பரில் துறையூர்ப் பக்கம் முருங்கப்பட்டியில் வெடிமருந்துத் தொழிற்சாலை வெடித்தது. 2019 ஏப்ரலில் அதே துறையூரை அடுத்த முத்தியம்பாளையத்தில் கோயில் பிடிக்காசு வாங்கக் கூடிய கூட்ட நெரிசலில் 7 பேர் இறந்தார்கள். 2024 அக்டோபர் 11 அன்று திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்குக் கிளம்பிய விமானம் ஹைட்ராலிக் கோளாறால் 141 பயணிகளோடு இரண்டு மணி நேரத்துக்கு மேல் வானில் வட்டமடித்துவிட்டுப் பத்திரமாக இறங்கியது. அந்த இரண்டு மணி நேரமும் கீழே ஆம்புலன்ஸ்கள் வரிசைகட்டி நின்றன. 2025 செப்டம்பர் 27-இல், இங்கிருந்து சுமார் 80 கிலோமீட்டரில் உள்ள கரூரில் நெரிசல் 41 உயிர்களைப் பறித்தது. இவற்றோடு, ஸ்ரீரங்கம் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே கிடக்கும் தீவு. மாவட்டத்தின் பெரிய அரசு மருத்துவமனை புத்தூரில், காவிரிக்கு மறுகரையில் இருக்கிறது. மாணவர்களுக்கு இதில் என்ன வேலை என்று கேட்டால், 2021 மே மாதத்தை நினைவுபடுத்த வேண்டும். கொரோனா இரண்டாம் அலையின்போது, இறுதித் தேர்வுக்குக் காத்திருக்கும் பி.எஸ்சி. நர்சிங், ஜி.என்.எம். மாணவர்களை மூத்தவர்களின் மேற்பார்வையில் முழுநேர கொரோனா பணியில் அமர்த்தலாம் என்று ஒன்றிய அரசே அறிவித்தது. ஆள் போதாத நாளில் முதலில் கூப்பிடப்படுவது மாணவர் விடுதிதான்.

இப்போது அளவைக்கு வருவோம். இங்கே அளக்கப்படுவது பொதுவான தைரியமோ குணமோ இல்லை. "இந்தக் குறிப்பிட்ட வேலையை, இந்தச் சூழ்நிலையில், என்னால் செய்து முடிக்க முடியும்" என்று ஒருவர் தன்னைப் பற்றி வைத்திருக்கும் கணிப்பு. உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-இல் இதற்கு ஒரு முழுக் கோட்பாட்டை எழுதினார். தமிழில் தன்திறன் நம்பிக்கை என்று சொல்லலாம். வீட்டில் நாலு பேருக்குச் சமைப்பவரிடம் "உங்களுக்குச் சமைக்கத் தெரியுமா" என்று கேட்டால் தெரியும் என்பார், அது உண்மையும்கூட. அவரிடமே "கோயில் அன்னதானத்துக்கு ஐந்நூறு பேருக்கு, கூட ஒருவர் மட்டும் இருக்க, பதினொரு மணிக்குள் முடிப்பீர்களா" என்று கேட்டால் பதில் மாறும். இரண்டு பதில்களிலும் பொய் இல்லை, கேட்ட வேலைகள்தான் வேறுவேறு. தன்திறன் நம்பிக்கை எப்போதும் ஒரு வேலையோடும் அதன் கடினத்தோடும் ஒட்டிக்கொண்டே இருக்கிறது. அதனால்தான், அளவுகோலை எப்படிச் செய்வது என்று பின்னாளில் வழிகாட்டியபோது பண்டூரா, ஒரே வேலையை எளிதிலிருந்து கடினம் வரை படிப்படியாக உயர்த்திக் கேட்கச் சொன்னார். ஒவ்வொரு படிக்கும் 0 முதல் 100 வரை மதிப்பெண். நம்பிக்கை பிறக்கும் ஊற்றுகள் நான்கு என்றும் அவர் கண்டார்: தானே செய்து பார்த்துத் தேறிய அனுபவம், தன்னைப் போன்ற இன்னொருவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் தரும் ஊக்கச் சொல், படபடப்பு போன்ற உடல்நிலையை மனம் வாசிக்கும் விதம். இவற்றில் முதலாவதுதான் வலுவானது. பேரிடரில் சிக்கலே இங்கேதான் தொடங்குகிறது. ஊசி போடுவதை ஒரு மாணவர் நூறு முறை செய்துவிடலாம். நாற்பது பேர் ஒரே நேரத்தில் வந்து விழும் கேஷுவாலிட்டியை ஒரு முறைகூடப் பார்க்காமலே அவர் பட்டம் வாங்கிவிடலாம்.

பேரிடருக்கென்றே செவிலியர் மாணவர்களுக்காக உருவான அளவுகோல் ஒன்று 2017-இல் சீனாவிலிருந்து வெளிவந்தது. அதில் 19 கேள்விகள். அவை மூன்று குவியல்களாகப் பிரிகின்றன: சம்பவ இடத்தில் மீட்பது, பாதிக்கப்பட்டவர்களின் மனநிலையைக் கவனிப்பது, தன் பொறுப்பை ஏற்றுச் சூழலுக்கு ஈடுகொடுப்பது. இந்தக் குவியல்களை யாரும் மேசையில் உட்கார்ந்து தீர்மானிப்பதில்லை. பல நூறு பேர் நிரப்பிய தாள்களை எடுத்து, எந்தக் கேள்விக்கு அதிகம் போட்டவர்கள் வேறு எந்தக் கேள்விக்கும் அதிகம் போடுகிறார்கள் என்று கணினி தேடுகிறது. சேர்ந்தே ஏறி இறங்கும் கேள்விகளுக்கு அடியில் பொதுவான ஏதோ ஒன்று இருக்க வேண்டும் என்பது தர்க்கம். இதைக் காரணிப் பகுப்பாய்வு என்பார்கள். அடுத்து, ஒரே குவியலில் உள்ள கேள்விகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதற்கு லீ கிரான்பாக் 1951-இல் தந்த ஆல்பா என்ற எண்ணைப் பார்க்கிறார்கள். ஒன்றை நெருங்க நெருங்க ஒற்றுமை அதிகம். இந்த அளவுகோலுக்கு அது 0.9-ஐத் தாண்டியது. ஆய்வேடுகளில் இந்த எண் வந்தவுடன் "அளவுகோல் நம்பகமானது" என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அந்த இடத்தில்தான் நின்று யோசிக்க வேண்டும். ஆல்பா சொல்வது கேள்விகளின் உள்ளொற்றுமையை மட்டும். தன்னைப் பற்றி எல்லாவற்றிலும் சீராக மிகைப்படுத்திக்கொள்ளும் ஒரு வகுப்பிடமும் அருமையான ஆல்பா கிடைக்கும். நம்பகத்தன்மை என்பது அளவை திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வருவது. ஏற்புடைமை என்பது எதை அளக்கிறோம் என்று சொல்கிறோமோ அதையே அளப்பது. முதலாவது இருந்தும் இரண்டாவது இல்லாமல் போகலாம்.

சரி, நம்பிக்கை உயர்ந்தவருக்குத் திறனும் உயர்ந்திருக்குமா? ஸ்ரீரங்கத்தில் நடந்ததைப் போன்ற தீ விபத்தையே எடுத்துக்கொள்வோம். பலர் காயமுற்று வரும்போது முன்னுரிமைப்படி பிரிப்பதை மருத்துவமனைகளில் டிரையாஜ் என்கிறார்கள். கலிபோர்னியாவில் 1983-இல் உருவாகி இன்றும் பரவலாகக் கற்பிக்கப்படும் ஸ்டார்ட் முறையின் விதிகள் எளியவை. எழுந்து நடக்க முடிந்தவர்களுக்குப் பச்சை அட்டை, அவர்கள் காத்திருக்கலாம். மூச்சுப்பாதையைத் திறந்துவிட்ட பிறகும் மூச்சில்லாதவருக்குக் கறுப்பு. திறந்துவிட்ட பிறகுதான் மூச்சு வந்தாலோ, நிமிடத்துக்கு 30-க்கு மேல் மூச்சு வாங்கினாலோ, நகத்தை அழுத்திவிட்டால் சிவப்பு திரும்ப 2 நொடிக்கு மேல் ஆனாலோ, சொன்ன எளிய வேலையைச் செய்ய முடியாமல் போனாலோ சிவப்பு அட்டை. மீதிப்பேருக்கு மஞ்சள். அரை மணி நேரத்தில் இதைப் படித்துவிடலாம், படித்த மாணவர் தயக்கமின்றி ஐந்து போட்டுவிடலாம். இப்போது வாசலில் ஒரு பெரியவர் தன் காலாலேயே நடந்து வருகிறார். கையில் சிறிய தீக்காயம். "எனக்கு ஒண்ணும் இல்லம்மா, அவங்களப் பாருங்க" என்கிறார். குரல் மட்டும் கரகரவென்று இருக்கிறது, மூக்கோரத்தில் கரி. விதியை மட்டும் படித்தவர் பச்சை அட்டை கட்டி மூலையில் உட்காரவைப்பார். விதியோடு சேர்த்து, மூடிய இடத்தில் எரிந்த தீயின் புகையையும் சூட்டையும் உள்ளிழுத்தவருக்குத் தொண்டை சில மணி நேரத்தில் வீங்கி மூச்சுப்பாதையையே அடைத்துவிடலாம் என்று அறிந்தவர், அவரை உடனே மருத்துவரிடம் அழைத்துப்போவார். மூன்று போட்ட மாணவர் இந்த இரண்டாமவராக இருக்க வாய்ப்பு உண்டு. இப்படிப்பட்ட விதிவிலக்குகள் இருப்பது தெரிந்ததால்தான் அவர் பேனா தயங்கியது.

இது வெறும் ஊகம்தானா என்று கேட்கலாம். ஒருவர் தன்னைப் பற்றிச் சொல்வதையும் அவரை வெளியாள் சோதித்துப் பார்த்ததையும் ஒப்பிட்ட ஆய்வுகள் ஏராளம். 1982-இல் மேப், வெஸ்ட் என்ற இருவர் பல துறைகளைச் சேர்ந்த 55 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, இரண்டுக்கும் இடையிலான ஒட்டுறவின் சராசரி 0.29 என்று வந்தது. ஒட்டுறவு 0 என்றால் இரண்டுக்கும் சம்பந்தமில்லை, 1 என்றால் ஒன்று மற்றதை அப்படியே பின்தொடர்கிறது. 0.29 என்றால் நடைமுறையில் என்ன? எதேச்சையாக இரண்டு இரண்டு பேராக நூறு ஜோடிகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் நம்பிக்கை கூடியவரைத் திறன் கூடியவர் என்று நாம் தேர்ந்தெடுத்தால், ஏறத்தாழ 60 முறை சரியாக இருக்கும். காசைச் சுண்டித் தேர்ந்தெடுத்தாலே 50 முறை சரியாக இருக்கும். ஐந்து போட்டவருக்கும் மூன்று போட்டவருக்கும் இடையே அந்தத் தாள் நமக்குத் தரும் கூடுதல் தகவல் இந்தப் பத்துதான். மருத்துவர்களை மட்டும் எடுத்து 2006-இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வில், 20 ஒப்பீடுகளில் 13-இல் தன்மதிப்பீட்டுக்கும் சோதித்த திறனுக்கும் உறவு மிகக் குறைவாகவோ, அறவே இல்லாமலோ, தலைகீழாகவோ இருந்தது. 1999-இல் குரூகர், டன்னிங் செய்த புகழ்பெற்ற சோதனையில், கீழிருந்து எண்ணினால் நூற்றுக்குச் சராசரியாக 12-ஆம் இடத்தில் நின்ற மாணவர்கள் தம்மை 62-ஆம் இடத்தில் வைத்துக்கொண்டார்கள். இதை "அறியாதவனுக்குத்தான் ஆணவம் அதிகம்" என்று சுருக்கிப் பரப்புவதில் எனக்கு உடன்பாடில்லை. அளவைப் பிழையே அத்தகைய படத்தை ஓரளவு உண்டாக்கிவிடும் என்று புள்ளியியலாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ஒன்றைத் தெரிந்துகொள்ளாதவருக்கு, தான் எதைத் தவறவிட்டோம் என்பதும் தெரிய வழியில்லை என்ற அளவில் நிறுத்திக்கொண்டால் போதும்.

அப்படியானால் நம்பிக்கைத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுத் திறனை மட்டும் சோதித்தால் என்ன? இந்த மறுப்புக்கு வலு உண்டு, ஆனாலும் நான் ஏற்கமாட்டேன். திறன் தேர்வு நடப்பது அமைதியான அறையில். கேள்வி கேட்கப்படுகிறது, மாணவர் பதில் தருகிறார். பேரிடரில் கேள்வி கேட்க ஆளிருக்காது. தானாக முன்வந்து கையை நீட்ட வேண்டும், தெரிந்ததைச் செய்யத் தொடங்க வேண்டும், முதல் முயற்சி பலிக்காவிட்டால் விட்டுவிடாமல் இருக்க வேண்டும். தொடங்குவது, விடாமல் இருப்பது ஆகிய இரண்டையும்தான் தன்திறன் நம்பிக்கை பெரிதும் தீர்மானிக்கிறது என்பது பண்டூராவின் கோட்பாட்டின் மையம். பணிக்கு வருவதே நிச்சயமில்லை என்பதற்கும் சான்று உண்டு. நியூயார்க் வட்டாரத்தில் 47 மருத்துவ நிலையங்களைச் சேர்ந்த 6,000-க்கும் மேற்பட்ட பணியாளர்களிடம் கேட்டு 2005-இல் வெளியான ஆய்வில், பலர் காயமுறும் விபத்து என்றால் வேலைக்கு வர 86 சதவீதம் பேர் மனம் வைத்தார்கள். சார்ஸ் போன்ற தொற்று என்றால் அது 48 சதவீதமாக விழுந்தது. கைத்திறன் இரண்டு நாளிலும் அதேதான். மேரிலாந்தில் பொதுச் சுகாதாரப் பணியாளர்களிடம் நடந்த இன்னொரு ஆய்வில், பெருந்தொற்றுக் காலத்தில் பணிக்கு வருவேன் என்று சொல்வதோடு மிக வலுவாக இணைந்திருந்தது, தன் பங்கு முக்கியமானது என்ற எண்ணம். அதனால் திறன் இருந்தும் நம்பிக்கையற்றவர் ஒருவர் இருந்தால் அதை நாம் தெரிந்துகொண்டாக வேண்டும். சுவரோரம் ஒதுங்கி நின்று யாராவது சொல்லட்டும் என்று காத்திருக்கக்கூடியவர் அவர். திறனில்லாமல் நம்பிக்கை மிகுந்தவரையும் தெரிந்துகொள்ள வேண்டும், இவரால் வரும் ஆபத்து இன்னும் பெரியது. இருவருக்கும் தேவைப்படும் பயிற்சி வேறு. சராசரி என்ற ஒற்றை எண் இவர்கள் இருவரையும் ஒருவருக்கொருவர் ஈடுகட்டி மறைத்துவிடுகிறது.

பயிற்சிக்கு முன், பின் என்று ஒப்பிடுவதில் இன்னொரு வலை இருக்கிறது. கவனித்துப் படித்தால் வியப்பூட்டும் விஷயம். நல்ல பயிற்சி முடிந்தவுடன் சிலருடைய மதிப்பெண் ஏறாமல் நிற்கும், சிலருக்கு இறங்கியே போகும். 1970-களின் இறுதியில் ஜார்ஜ் ஹோவர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் இதைக் கூர்ந்து பார்த்தார். பயிற்சி பெற்றவர்களிடம் பேசியபோது, "முதல் நாள் நான் நாலு போட்டேன், ஆனால் அந்த வேலை இவ்வளவு பெரியது என்று அப்போது எனக்குத் தெரியாது" என்ற பொருளில் சொன்னார்கள். அவர்கள் முன்னேறித்தான் இருந்தார்கள். ஆனால் அளக்கும் கோலே இடையில் நீண்டுவிட்டது. முதல் நாள் ஐந்து என்றால் புத்தகத்து விதியைச் சொல்வது. பயிற்சி முடிந்த நாள் ஐந்து என்றால் கரகரத்த குரலைக் கவனிப்பது. இரண்டு எண்களையும் கழித்துப் பார்ப்பதில் பொருளில்லை. ஹோவர்ட் சொன்ன வழி, பயிற்சி முடிந்தபின் ஒரே தாளில் இரண்டு கேள்விகள் கேட்பது: இப்போது உங்கள் நிலை என்ன, பயிற்சிக்கு முன் உங்கள் நிலை என்னவாக இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. இதிலும் ஓட்டை உண்டு. கற்றுக்கொண்டோம் என்று காட்ட விரும்பும் மனம் பழைய நிலையைத் தாழ்த்தியே சொல்லும். அதனால் இந்த இரண்டு விதக் கேள்வியும் போக, பயிற்சியே பெறாத ஒரு வகுப்பையும் அதே நாட்களில் அளந்து பக்கத்தில் வைத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு.

நம் ஊர்க் கல்லூரிகளில் இன்னொன்றும் சேர்கிறது. தாளைக் கொடுப்பவர் பெரும்பாலும் இன்டர்னல் மார்க் போடும் அதே ஆசிரியர். பெயரோ பதிவெண்ணோ எழுதச் சொன்னால், "மேடம் நடத்திய வகுப்பு பயன் தரவில்லை" என்று எந்த மாணவர் எழுதுவார்? மரியாதையே மதிப்பெண்ணாக வந்து விழும். எல்லோரும் நாலும் ஐந்துமாகப் போட்டுவிட்டால், பிறகு எவ்வளவு கற்றாலும் ஏறுவதற்கு இடமே இராது. இதைச் சரிசெய்வது கடினமில்லை. வேறு கல்லூரி ஆசிரியர் ஒருவர் தாளை நடத்தட்டும். பதிவெண்ணுக்குப் பதில் மாணவர் தானே தேர்ந்தெடுக்கும் ஒரு குறியீட்டை எழுதட்டும், முன்னும் பின்னும் ஒப்பிட அது போதும்.

கேள்விகளையும் ஊருக்கேற்பப் படிப்படியாக அமைக்கலாம். "பேரிடரைச் சமாளிக்க முடியும்" என்ற மொட்டை வாக்கியத்துக்குப் பதில், முதல் படியில், மூத்த ஸ்டாஃப் நர்ஸ் பக்கத்தில் நிற்க, மூன்று பேருக்கு முன்னுரிமை அட்டை கட்ட முடியுமா என்று கேட்கலாம். அடுத்த படியில் பதினைந்து பேர், மூத்தவர் வேறு வார்டில். அதற்கடுத்து நாற்பது பேர், மின்சாரம் இல்லை, உறவினர்கள் கையைப் பிடித்து இழுக்கிறார்கள். கடைசிப் படியில், நீங்கள் இருப்பது ஸ்ரீரங்கத்தில். காவிரிப் பாலத்தில் வண்டிகள் நகரவில்லை. புத்தூருக்கு அனுப்ப முதலில் எந்த ஐந்து பேர், இங்கேயே வைத்துப் பார்க்க யார் யார் என்று தீர்மானிக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 100. எந்தப் படியில் ஒருவருடைய எண் சரிகிறது என்பதே பயிற்சி தொடங்க வேண்டிய இடத்தைக் காட்டிவிடும். பிறகு அதே படிகளைச் செய்து காட்டவும் சொல்ல வேண்டும். நடிப்பவர்களை வைத்து இருபது காயக்காரர்களை ஏற்பாடு செய்கிறோம். தொடங்கும் முன், "இருபதில் எத்தனை பேருக்குச் சரியான அட்டை கட்டுவீர்கள்" என்று மாணவரை எழுதித் தரச் சொல்கிறோம். முடிந்தபின் எண்ணிப் பார்க்கிறோம். பதினெட்டு என்று எழுதிப் பதினொன்று சரியாகச் செய்தவருக்கும், பன்னிரண்டு என்று எழுதிப் பன்னிரண்டே செய்தவருக்கும் உள்ள வேறுபாடு எந்த ஐந்து புள்ளி அளவுகோலிலும் தெரியாது. இந்த ஒத்துப்போதலை இசைவு என்று அழைக்கலாம். இசைவைக் கற்க முடியும் என்பதற்கு நல்ல சான்று வானிலை முன்னறிவிப்பாளர்கள். மழைக்கு 70 சதவீத வாய்ப்பு என்று அவர்கள் சொன்ன நாட்களில் ஏறத்தாழ 70 சதவீத நாட்கள் மழை பெய்தது என்பதை அமெரிக்காவில் மர்ஃபி, விங்க்ளர் என்ற ஆய்வாளர்கள் 1970-களில் காட்டினார்கள். அவர்களுக்கு அது கைவரக் காரணம், சொன்னது நடந்ததா இல்லையா என்பது மறுநாளே தெரிந்துவிடுவதுதான். பேரிடரில் அந்த மறுநாள் வருவதில்லை. மாக் டிரில் முடிந்து உட்கார்ந்து, நீ சொன்னது இது, செய்தது இது என்று பேசும் அரை மணி நேரம்தான் அந்த மறுநாளுக்கு ஈடு. நம் டிரில்கள் பெரும்பாலும் புகைப்படம் எடுத்ததோடு கலைந்துவிடுகின்றன என்பது எனக்கு உண்மையான வருத்தம். அந்த அரை மணி நேரத்தில்தான் கற்றலே நடக்கிறது.

நடிப்புக் காயம் எப்படி உண்மைக் காயமாகும் என்பார்கள். ஆகாது. அழுகுரலும் கருகிய வாடையும் டிரில்லில் இருக்காது. ஆனால் நாம் ஒப்பிட வேண்டியது டிரில்லையும் பேரிடரையும் இல்லை. டிரில்லில் ஒருமுறையாவது கைவைத்தவரையும் ஒருமுறைகூட வைக்காதவரையும். தானே செய்து தேறுவது என்று பண்டூரா சொன்ன முதல் ஊற்று மாணவருக்குக் கிடைக்கக்கூடிய ஒரே வழி இதுதான். இன்னொரு மறுப்பு இதைவிட மனதைத் தொடுகிறது: ஏற்கெனவே பயந்திருக்கும் பிள்ளைகளிடம் "நீ நினைத்த அளவுக்கு உனக்குத் தெரியவில்லை" என்று எண்ணிக் காட்டினால் அவர்கள் உடைந்துபோகமாட்டார்களா? எல்லோர் முன்னும் தரவரிசை ஒட்டினால் உடைந்துதான் போவார்கள். தனியே, அதே வாரத்தில் மறுபடியும் செய்யும் வாய்ப்போடு சேர்த்துச் சொன்னால் அப்படி ஆகவேண்டியதில்லை. பதினொன்றிலிருந்து பதினாறுக்குத் தானே ஏறியதைக் கண்ணால் பார்த்த மாணவரின் நம்பிக்கை, பாராட்டுச் சொல்லில் வளர்ந்த நம்பிக்கையைவிட நிலையானது. முதல் ஊற்றுக்கும் மூன்றாம் ஊற்றுக்கும் பண்டூரா கண்ட வேறுபாடும் அதுதான். கூடவே ஒன்று: பயிற்சி கொடுத்தால் குறைமதிப்பெண் மாணவர்களின் தன்கணிப்பும் திருந்துகிறது என்று குரூகரும் டன்னிங்கும் அதே 1999 கட்டுரையில் காட்டியிருந்தார்கள். அந்தப் பாதி ஏனோ அதிகம் பேசப்படவில்லை.

கடைசியாக, எப்போது அளப்பது என்பதும் எப்படி அளப்பது என்ற அளவுக்கு முக்கியம். பயிற்சி முடிந்த மாலையே தாளைக் கொடுத்தால் கிடைப்பது உற்சாகத்தின் உச்சம். இதயம் நின்றவருக்குச் செய்யும் சி.பி.ஆர். பயிற்சியில் நெடுநாளாகக் கண்டது என்னவென்றால், மார்பை அழுத்தும் ஆழமும் வேகமும் மூன்று முதல் ஆறு மாதங்களில் சரியத் தொடங்கிவிடுகின்றன. "எனக்குத் தெரியும்" என்ற எண்ணம் அவ்வளவு விரைவாகச் சரிவதில்லை. பயிற்சியன்று கச்சிதமாக இருந்த இசைவு, யாரும் கவனிக்காமலே ஆறு மாதத்தில் பிளந்துவிடுகிறது. திருச்சியின் நாட்காட்டியில் இதற்கு இரண்டு இடங்கள் தாமாகவே அமைந்திருக்கின்றன. காவிரியில் நீர் பெருகும் ஆடிக்கு முன் ஒரு பயிற்சியும் முதல் அளவையும் வைத்துக்கொள்ளலாம். வைகுண்ட ஏகாதசிக்கு லட்சக்கணக்கானோர் ஸ்ரீரங்கத்தில் கூடும் மார்கழிக்கு முன், நவம்பர் கடைசி வாக்கில், எந்த முன்னறிவிப்புமின்றி அதே மாணவர்களை மறுபடி அளக்கலாம்: இருபது காயக்காரர்கள், முன்கூட்டி எழுதிய எண், முடிந்தபின் எண்ணிய எண். அப்போது நம்பிக்கை அப்படியே நின்று திறன் மட்டும் இறங்கியிருப்பவர்கள் யார் என்று தெரிந்துவிடும். மருத்துவ முகாமில் டூட்டி போடும் முன் அவர்களை மீண்டும் ஒரு டிரில்லுக்கு அழைக்க இரண்டு வாரமாவது கையில் இருக்கும்.